குமுளியில் ஒரு வேலை, கம்பத்தில் இரண்டு: தலை தாங்கவில்லை, நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திராட்சைப்பந்தல் | நவம்பர் 21, இரவு 11.52

நேற்று 20ஆம் தேதி. கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு இது போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் வரிக்கணக்கு, இரண்டையும் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியாக வேண்டும். கம்பத்தில் நான்கு சின்னக் கடைகளுக்கு ராத்திரியில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுக்கிறேன். பகலில் எல்லை தாண்டிக் கேரளாவின் குமுளியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கர் வேலை. இது போக, அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை.

என் ஒரு நாள் இப்படிப் போகிறது. காலை 4.45க்கு எழுந்து தோட்டத்துக்குப் போவேன். கார்த்திகைத் தூறல் விழுந்தால் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் செவட்டை நோய் வந்துவிட்டது, அன்றைக்கே மருந்து அடிக்க வேண்டும். 7.30க்கு பைக். லோயர் கேம்ப் தாண்டி மலையேறி 9 மணிக்கு முன் குமுளிக் கடையில் இருக்க வேண்டும். அங்கே பச்சைக்காய் எடை, உலர்த்தும் ஸ்டோரில் காய்ந்து வந்த எடை, புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்குப் போகும் லாட் விவரம் என்று மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசி ஆறு மணி ஆகிவிடும். ஐயப்ப சீசன் வந்துவிட்டதால் மலைப்பாதை முழுக்க வண்டி வரிசை. பைக் என்பதால் எப்படியோ நுழைந்து வந்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு லேப்டாப்.

நேற்று ராத்திரி நான்கு கடைக்கும் ஏற்றி முடித்துப் படுத்தபோது 12.20. இன்று காலை இரைச்சல் பாலம் பக்கத்து வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது மண்டைக்குள் ஒரு எண் ஓடியது. 4,86,350. அது மருந்துக்கடையின் விற்பனை. அதை ஸ்டேஷனரிக் கடையின் கணக்கில் போட்டிருக்கிறேன்! வண்டியை ஓரம்கட்டிப் போனை எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் டவர் தமிழ்நாடா கேரளாவா என்று அதற்கே தெரியாது. நாலு நிமிடம் சுற்றிச் சுற்றித் திறந்தது. ஆமாம், போட்டிருக்கிறேன். 20ஆம் தேதி வரிக்கணக்கை, அதாவது 3பி படிவத்தை, ஒருமுறை தாக்கல் செய்தால் திருத்த முடியாது, அடுத்த மாதக் கணக்கில்தான் சரிக்கட்ட வேண்டும். கூடுதலாகப் போன வரி பதினோராயிரத்துச் சொச்சம். கடைக்காரரிடம் சொன்னேன். "பார்த்துச் செய்யப்பா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

என் பிரச்சினை இந்த ஒரு தப்பு இல்லை. தோட்டத்தில் நிற்கும்போது கடைக் கணக்கு ஓடுகிறது. கடையில் இருக்கும்போது மழை பெய்ததா என்று வீட்டுக்குப் போன் போடுகிறேன். பையன் பேசும்போது "ம்" கொட்டுகிறேன், என்ன பேசினான் என்று கேட்டால் தெரியாது. யோகா செய், காலையில் சீக்கிரம் எழு என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். 4.45.

மலையடிவாரம் | நவம்பர் 22, காலை 6.10

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. என் தாத்தா உழுதார், மாட்டு வண்டி ஓட்டினார், கோடையில் மலைக்கு ஏறி ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலையும் பார்த்தார். எட்டுப் பிள்ளைகள். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்து அதைத் தூக்கிச் சுமக்கிறோம்.

ஜீப்புக்காரி | நவம்பர் 22, இரவு 8.35

அண்ணே, உங்கள் தாத்தாவைச் சொன்னீர்கள். பாட்டியை யாராவது கேட்டீர்களா?

நான் கம்பம் பக்கத்தில் இருந்து கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற ஆள். ஆறு மணி ஜீப். அதற்கு முன் சமையல், தூக்குவாளி கட்டுவது, மாட்டுக்குத் தண்ணி காட்டிப் பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்புவது. தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து ஏலச்செடித் தட்டைக்கு அடியில் சரத்தைப் பார்த்துக் கரிங்காயாக, அதாவது முற்றிப் பழுக்காத காயாகப் பொறுக்க வேண்டும். பிஞ்சை எடுத்தால் கங்காணி சத்தம், பழத்தை விட்டாலும் சத்தம். சாயங்காலம் வந்தால் பிளவுஸ் தையல். தீபாவளிக்குத் தைக்க வாங்கிய துணியில் இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது, வெளியில் சொல்லாதீர்கள். அப்புறம் மகளிர் குழுவுக்கு நான்தான் பணம் வசூல்.

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். காய் எடுக்கிற வேலை என்னை அவ்வளவு வாட்டுவது இல்லை. உடம்பு வலிக்கும், படுத்தால் போய்விடும். குழு வசூல்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, செவ்வாய்க்கிழமைக்குள் பேங்கில் கட்ட வேண்டும். அது எந்த நேரமும் தலையில் உட்கார்ந்திருக்கிறது, காய் எடுக்கும்போதும்.

நைட்டூட்டி | நவம்பர் 23, காலை 9.20

களியக்காவிளையில் வீடு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன், தூக்கம் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஜீப்புக்காரி அக்கா சொன்னது ரொம்பச் சரியான இடம். புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் 1927லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலை மனதில் அதிகம் தங்குகிறது என்பது அவர் பார்த்தது. பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்த எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் சோஃபி லெராய் என்பவர் வேறு மாதிரி பார்த்தார். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், பழைய வேலையின் மிச்சம் கொஞ்சம் கவனத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது, புது வேலை அதனால் கெடுகிறது. திராட்சைப்பந்தல் அண்ணனின் 4,86,350 அந்த மிச்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்துக்கடையில் இருந்து ஸ்டேஷனரிக் கடைக்குத் தாவியபோது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இதற்கு எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. டூட்டி முடிந்து போகும்போது அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு ஹேண்ட்ஓவர் கொடுக்காமல் போகக் கூடாது. 6ஆம் பெட் ஐயாவுக்கு டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது, பத்து மணிக்கு முடியும், அப்புறம் யூரின் அளவு பார்க்கணும், டாக்டர் ரவுண்ட்ஸில் பொட்டாசியம் ரிசல்ட்டைக் காட்டணும். இப்படி. எழுதியும் வைப்போம், பெட் பக்கத்தில் நின்று வாயாலும் சொல்வோம். சொல்லி முடித்த பிறகு அந்த ஐயா என் தலையில் இல்லை. ஒருநாள் ஆள் வரத் தாமதம் என்று ஹேண்ட்ஓவர் கொடுக்காமல் ஓடிவந்துவிட்டேன். பாறசாலையில் பஸ் மாறும்போது நினைவு வந்து திரும்பவும் போன் போட்டேன். அன்றைக்குத் தூக்கமே இல்லை.

உங்களுக்கு அடுத்த ஷிஃப்ட் ஆள் கிடையாது அண்ணே. நாளைக் காலையில் அங்கே வந்து நிற்கப்போவதும் நீங்கள்தான். அந்த ஆளுக்கு ஹேண்ட்ஓவர் எழுதுங்கள். மூன்று வேலைக்கும் தனித்தனியாக, எழுந்து போகிறதற்கு முன்னால் இரண்டு வரி: எங்கே நிறுத்தினேன், அடுத்து எதைத் தொடணும். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011இல் சோதித்திருக்கிறார்கள். முடியாத வேலைக்கு எப்போது எப்படிச் செய்வேன் என்று திட்டமாக எழுதி வைத்தாலே அது மற்ற வேலையில் குறுக்கிடுவது குறைந்துவிட்டது. முடிக்கக்கூட வேண்டாம்.

கண் சொருகுகிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

மலையடிவாரம் | நவம்பர் 23, காலை 11.02

ஆராய்ச்சிக்காரர்கள் பெயரை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் நோட்டு போட்டு எழுதி வை என்கிறீர்கள். மளிகைக்கடை அண்ணாச்சி இதைத்தான் சிட்டையில் செய்துகொண்டிருந்தார்.

நைட்டூட்டி | நவம்பர் 23, மாலை 5.45

ஆமாம் அண்ணே, அதேதான். அண்ணாச்சி ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாரா இல்லையா?

நகரித்தறி | நவம்பர் 23, இரவு 10.15

நகரியில் இருந்து எழுதுகிறேன். ஆந்திராதான், வீட்டில் தமிழ்தான். விசைத்தறி வேலை.

எங்கள் தெருவில் ஒரே ஆள் நான்கு தறியைப் பார்ப்பார். வெளியூர் ஆட்கள் வந்தால் அந்தச் சத்தத்தில் பைத்தியம் பிடித்துவிடும் என்பார்கள். எனக்கு அந்தச் சத்தத்துக்குள் நன்றாகத் தூக்கமே வரும். காது ஒரு மாதிரி பழகிவிடுகிறது. நான்கில் ஒன்றில் பாவு இழை அறுந்தாலோ, ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தாலோ சத்தம் மாறும், உடம்பு தானாகத் திரும்பிவிடும். முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன். நான்கு தறி என்றாலும் எனக்கு அது ஒரே வேலை.

போன வருடம் கூலி போதவில்லை என்று வாடகை ஆட்டோவும் ஓட்ட ஆரம்பித்தேன். புத்தூர், திருத்தணி சவாரி. அது ஒரே ஒரு வண்டிதான், நான்கு தறி அளவுக்குப் பெரிய வேலையும் இல்லை. ஆனால் அப்போதுதான் தலைவலி வந்தது. ஆட்டோவில் இருக்கும்போது தறி நின்றுவிட்டதோ, தறியில் இருக்கும்போது சவாரிக்காரர் போனை எடுக்காமல் விட்டோமோ என்ற நினைப்பு. ஆறு மாதத்தில் ஆட்டோவுக்கு ஒரு ஏற்பாடு செய்தேன்: சனி, ஞாயிறு மட்டும். இரண்டு நாளும் தறிப் பக்கம் போகவே மாட்டேன், தம்பி பார்த்துக்கொள்வான். வருமானம் கொஞ்சம் குறைந்தது. தலைவலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், மாத்திரை தினமும் வேண்டாம் என்கிற அளவுக்கு வந்தது.

அதனால் அண்ணா, நான்கு கடைக் கணக்கு என்பது நான்கு தறி மாதிரி. அது உங்களைக் கொல்லவில்லை. கணக்கு, ஏலக்காய், திராட்சை மூன்றும் ஒரே நாளில் மாறி மாறி வருவதுதான் கொல்கிறது. நாளைப் பிரிக்க முடியுமா பாருங்கள்.

திராட்சைப்பந்தல் | நவம்பர் 24, காலை 7.05

ஞாயிறு என்பதால் இப்போது எழுத முடிகிறது. எல்லோருக்கும் நன்றி.

நகரித் தம்பி, பிரிப்பது எனக்குக் கஷ்டம். திராட்சைக்கு ஞாயிறு தெரியாது. கவாத்து செய்து காய் வெட்ட நான்கு மாதம் என்றால் அதில் ஒரு வாரம் கண்ணை மூடினாலும் போச்சு. ஏலக்காய் சீசனும் இப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. வரித்தேதி யாருக்காகவும் நகராது. மூன்றும் வெவ்வேறு காலண்டர். இதில் வேடிக்கை, ஓணத்துக்கு லீவு தருகிறார்கள், பொங்கலுக்குக் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பக்கம் ஹர்த்தால் என்றால் வேலை இல்லை, சம்பளமும் இல்லை. இந்தப் பக்கம் பந்த் என்றால் வர வழி இல்லை.

ஆனால் நர்ஸ் தங்கை சொன்னதை நேற்று சனிக்கிழமையே செய்து பார்த்தேன். கடையை விட்டு எழுந்திருக்கும் முன் ஒரு துண்டுச்சீட்டில் எழுதினேன்: "வண்டன்மேட்டுக்காரர் மூட்டை 12, எடை 9 வரை சரிபார்த்தது. திங்கள் 10இல் இருந்து. முதலாளியிடம் ஈரம் பற்றிக் கேள்." அதைக் கல்லா மேசையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கினேன். இரைச்சல் பாலம் வரை மூட்டை 10 ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. லோயர் கேம்ப்பில் நிறுத்தி ஒரு டீ குடித்தேன், மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பென்ஸ்டாக் குழாயைப் பார்த்துக்கொண்டு. சும்மா. ரொம்ப நாளைக்கு அப்புறம்.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார் | நவம்பர் 24, பகல் 12.40

வணக்கம். பாலக்காடு மாவட்டத்துக்குள் இருக்கிற தமிழன், தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் முப்பது வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். பாடம் என்று பெயர்தான். மதிய உணவுக் கணக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, மலையாளத்தில் வரும் சுற்றறிக்கையைத் தமிழில் சொல்லிக் கொடுப்பது என்று எல்லாம் அதற்குள் அடங்கும்.

மலையடிவாரம் அவர்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தா காலத்தில் அந்தச் சொல் இல்லை என்பது உண்மை. ஹான்ஸ் செலியே என்ற மருத்துவர் 1936இல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்ட பிறகுதான் உடம்புக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு வந்தது. சொல் இல்லை என்பதால் நோவு இல்லை என்று ஆகாது. "மனசு கிடந்து அடிச்சுக்குது" என்று என் அம்மா சொல்வார். "ஒரு மாதிரி வருது" என்று பூசாரியிடம் போய் நின்றவர்கள் எத்தனை பேர்.

இன்னொன்று. உங்கள் தாத்தா உழும்போது வண்டிச் சவாரிக்காரர் அவரைக் கூப்பிட வழி இல்லை. உழவு முடிந்தால்தான் வண்டி. வேலைகள் பல, ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இன்றைக்குச் சட்டைப்பையில் நாலு முதலாளிகளும் குடியிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வாட்ஸப் குழுக்களில் இருந்து வெளியேறினேன். அன்றைக்கு மனைவி பாயசம் வைத்தாள்.

ஜீப்புக்காரி | நவம்பர் 24, இரவு 9.10

சார் சொன்னது சிரிப்பாக இருந்தது. எனக்கு ஒரு கேள்வி. ஹேண்ட்ஓவர் எல்லாம் சரி, நான் யாரிடம் ஒப்படைப்பது?

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. குடியும் கிடையாது. "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யுறேன்" என்பார். அதைச் சொல்வதே எனக்கு ஒரு வேலை. மாட்டுக்குப் புண்ணாக்கு தீர்வதற்குள் வாங்க வேண்டும் என்பதை நான் ஞாபகம் வைத்து, அவரிடம் சொல்லி, வாங்கினாரா என்று கேட்டு, மறந்தால் நானே போய் வாங்க வேண்டும். வாங்கிப் போடுவது அரைமணி நேர வேலை. ஞாபகம் வைப்பது வாரம் பூரா.

கொழிஞ்சாம்பாறை_வாத்தியார் | நவம்பர் 24, இரவு 9.48

தாயே, இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். நீங்கள் சொன்ன "ஞாபகம் வைப்பது" என்பதை எந்த நிமிடக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று நானும் யோசிக்கிறேன்.

யோசனை ஒன்று. வேலையைச் சொல்லாதீர்கள், பொறுப்பையே அவரிடம் விட்டுவிடுங்கள். மாட்டுத்தீவனம் முழுக்க அவருடையது. தீர்ந்தால் அவர் பாடு, மாடு கத்தினாலும் அவர் பாடு.

ஜீப்புக்காரி | நவம்பர் 24, இரவு 9.55

மாடு கத்தினால் எனக்குத்தானே தூக்கம் போகும் சார்.

மலையடிவாரம் | நவம்பர் 25, காலை 5.50

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். தாத்தா விஷயத்தை விடுங்கள், அதில் நான் மாறவில்லை. ஆனால் திராட்சைப்பந்தல் தம்பிக்கு நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். நானும் திராட்சை வைத்திருந்தவன்தான்.

தோட்டத்தை ஒரு காய்ப்புக்கு மட்டும் குத்தகைக்கு விடு. கவாத்தில் இருந்து வெட்டு வரை மருந்து, தண்ணீர், ஆள்கூலி எல்லாம் எடுப்பவர் பொறுப்பு. உனக்கு ஒரு தொகை வரும், சொந்தமாகச் செய்தால் வருவதைவிடக் குறைவுதான். ஆனால் மருந்து விலையும் ஆள்கூலியும் கழித்து, நீ ராத்திரி முழித்த கூலியையும் கழித்துப் பார். பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். குறியீடு வந்து மருந்து அடிக்காது. எழுதிக் கூட்டிப்பார், நீதானே கணக்கப்பிள்ளை.

திராட்சைப்பந்தல் | நவம்பர் 25, இரவு 10.30

அண்ணே, கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதிப் பார்க்காமல் இருக்கிறேன்.

அந்தப் பந்தலுக்குக் கல்தூண் ஊன்றியது அப்பா. கம்பி இழுக்கும்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் அங்கே நிற்கும் ஒரு மணி நேரம்தான் என்னுடையது என்று தோன்றும். இப்போது அந்த நேரமும் கெட்டுப்போனதுதான் வருத்தம். விடுவது என்றால் எதை விடுவது? ஏலக்காய்க் கடைச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ராத்திரிக் கணக்கில்தான் பையன் ஸ்கூல் ஃபீஸ்.

நைட்டூட்டி | நவம்பர் 26, காலை 10.15

அண்ணே, உங்கள் மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். கடையில் வாரம் 54. ராத்திரி ஒரு 15. தோட்டம் 14 என்று வையுங்கள். 83 மணி நேரம்.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம், இதயநோயால் சாகும் அபாயம் 17 சதவீதம் அதிகம். பயமுறுத்தச் சொல்லவில்லை. துண்டுச்சீட்டு எழுதுவது தலையின் இரைச்சலைக் குறைக்கும், 83ஐ 60 ஆக்காது. அதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பயம் அந்த மலைப்பாதை. 12.20க்குப் படுத்து 4.45க்கு எழுந்து, கொண்டை ஊசி வளைவில் பைக்கில் போகிறீர்கள், அதுவும் தலைக்குள் எண் ஓட்டிக்கொண்டு. எங்கள் கேஷுவாலிட்டிக்கு இப்படித்தான் வருகிறார்கள். 20ஆம் தேதிக்கு மறுநாள் காலையில் பைக் வேண்டாம், பஸ்ஸில் போங்கள். தூங்கிக்கொண்டே போகலாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாரக்கணக்கில் தூக்கமின்மை, செத்தால் தேவலை என்ற நினைப்பு, இவற்றில் எது இருந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். மனசு விஷயம் மட்டும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் உதவி எண். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றும் கூப்பிடலாம்.

நகரித்தறி | நவம்பர் 26, இரவு 9.30

தெலுங்கிலும் எடுப்பார்கள். என் மச்சான் பேசியிருக்கிறான். முதல் தடவை வைத்துவிட்டான், இரண்டாவது தடவை முக்கால் மணி நேரம் பேசினான்.

அண்ணா, நான்கு கடைக்கும் ஒரே ராத்திரியில்தான் ஏற்ற வேண்டுமா? கடைக்கு ஒரு நாள் வைத்தால் ஆகாதா?

திராட்சைப்பந்தல் | நவம்பர் 27, காலை 6.40

ஆகும். பில் கட்டைக் கடைக்காரர்கள் கடைசி நேரத்தில்தான் தருகிறார்கள். இதுவரை நான் கேட்டதில்லை என்பதும் உண்மை.

திராட்சைப்பந்தல் | டிசம்பர் 22, காலை 8.15

இடையில் எழுத முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு கடைக்காரர்களையும் நேரில் பார்த்து, இனி 5ஆம் தேதிக்குள் பில் வராவிட்டால் என்னால் முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சொல்வதற்கு முன் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன், சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. மூன்று பேர் சரி என்றார்கள். ஸ்டேஷனரிக் கடைக்காரர், நான் பதினோராயிரம் தப்பாகக் கட்டினேனே அவர்தான், 3ஆம் தேதியே கொண்டுவந்து கொடுத்தார். நான்காமவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாதம் எண்ணூறு போச்சு. ஒரு வாரம் உறுத்தியது. பிறகு அந்த எண்ணூறுக்கு எத்தனை ராத்திரி போயிற்று என்று கூட்டிப்பார்த்தேன், உறுத்தல் நின்றது.

கடைக்கு ஒரு நாள் என்று வைத்தேன். ஒன்றை முடித்து லேப்டாப்பை மூடி, அந்தக் கடையின் பில் கட்டை ரப்பர் பேண்ட் போட்டு மரப்பெட்டியில் வைத்த பிறகுதான் அடுத்தது, அதுவும் மறுநாள். டிசம்பர் 20 அன்று ராத்திரி பத்து மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பையன் செஸ் போர்டை எடுத்து வந்தான். தோற்றுப்போனேன்.

தோட்டத்தைக் குத்தகைக்கு விடவில்லை. மலையடிவாரம் அண்ணன் சொன்னதில் பாதியைச் செய்தேன். மருந்தடிப்பை மட்டும் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கூலிக்கு விட்டேன். இலை பார்ப்பது நான், அடிப்பது அவர். போன வாரம் ஒரு மூலையில் செவட்டை வந்தது, அவர் ஒரு நாள் தாமதம், கொஞ்சம் பூங்கொத்து கருகிவிட்டது. முன்பு என்றால் அன்றைக்கு வீட்டில் யாரும் என் பக்கத்தில் வந்திருக்க முடியாது. இப்போதும் கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கடையில் துண்டுச்சீட்டு தொடர்கிறது. முதலாளி ஒருநாள் எடுத்துப் படித்துவிட்டு, "இது கொள்ளாமல்லோ" (இது நன்றாக இருக்கிறதே) என்று தன் மேசையிலும் ஒரு கட்டுச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறார். அது என்னத்துக்கு ஆகப்போகிறதோ. மணிக்கணக்கு இன்னும் 70க்கு மேல்தான், நர்ஸ் தங்கை கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மலையடிவாரம் | டிசம்பர் 22, காலை 9.00

மருந்தடிக்கிற ஆளுக்கு முன்பணம் கொடுக்காதே, அடித்த பிறகு கொடு. தாமதம் தானாக நிற்கும்.

நைட்டூட்டி | டிசம்பர் 22, மாலை 6.20

21ஆம் தேதி காலையில் பஸ்ஸா பைக்கா?

திராட்சைப்பந்தல் | டிசம்பர் 22, மாலை 6.31

பஸ். ஐயப்ப சாமிகள் கூட்டத்தில் குமுளி வரை நின்றுகொண்டே போனேன். எங்கே தூங்குவது?

ஜீப்புக்காரி | டிசம்பர் 23, காலை 5.40

வாத்தியார் சாருக்கு ஒரு சேதி. தீவனத்தை அவர் பொறுப்பில் விட்டேன். முதல் வாரம் மாடு கத்தியது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன், அவர்தான் எழுந்து போனார். நேற்று தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஏதோ எழுதி ஆணியில் குத்தியிருந்தார். "புன்னாக்கு வெள்ளி" என்று இருந்தது. எழுத்துப்பிழையை நான் திருத்தவில்லை.

குழு வசூலை மட்டும் இன்னும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை. ஜனவரிக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். தீபாவளி பிளவுஸில் ஒன்று பாக்கி, பொங்கலுக்குள் கொடுத்துவிடுவேன்.

ஜீப் ஹாரன் அடிக்கிறான். மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன்.